வாகனக் குழாய்க்குச் சரியான ஃபிட்டிங்: அளப்பதும் வாங்குவதும்

ஒரு கொரோலாவின் பிரேக் பைப் நுனியில் இருக்கும் நட்டையும், பழைய மொரிஸ் மைனர் ஒன்றின் பிரேக் பைப் நட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வேர்னியர் அளவுகோலை வைத்தால்தான் ஒன்று 9.9 மில்லிமீற்றருக்கு அருகில் இருப்பதும் மற்றது 9.5 மட்டுமே இருப்பதும் தெரியவரும். மொரிஸின் நட்டை கொரோலாவின் துளையில் திருகினால் அது மறுக்காமல் உள்ளே போகும். கொஞ்சம் ஆடும், ஆனாலும் கடைசியில் இறுகிவிட்டது போன்ற ஒரு பிடிப்பு கிடைக்கும். அந்தப் பிடிப்பை நம்பி வண்டியை எடுத்தால், பெடலை ஓங்கி மிதிக்க வேண்டிய நேரத்தில் திருகுப் புரி உரிந்துகொண்டு நட் வெளியே வந்துவிடலாம்.

கொழும்பில் இப்படிப்பட்ட குழப்பத்துக்கு இடம் தாராளமாகவே உண்டு. ஜப்பானிலிருந்து ஓட்டிய நிலையில் வந்த கார்களும் வேன்களும் ஒரு பக்கம், இந்தியத் தயாரிப்பு பஸ்களும் லொறிகளும் ஓட்டோக்களும் இன்னொரு பக்கம். இடையிடையே ஐரோப்பியக் கார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுக்கப்படும் பிரித்தானியக் கார்களும் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு புரி மரபு. போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் கையிலிருந்த வாகனத்தையே எப்படியாவது ஓட வைக்க வேண்டியிருந்தது. ஒரு காரின் பைப்பை வளைத்து இன்னொன்றில் பொருத்துவது, லேத்தில் ஒரு துண்டைக் கடைந்து இரண்டு குழாய்களை இணைப்பது எல்லாம் சாதாரணமாகிவிட்டன. ஆகவே உங்கள் வாகனத்தில் இன்று மாட்டியிருக்கும் ஃபிட்டிங், அதாவது குழாயை இணைக்கும் துண்டு, தொழிற்சாலையில் மாட்டியதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பழையதைக் கடையில் காட்டி அதே போல ஒன்றை வாங்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் பழையதே தவறாக இருந்தால் அதே தவறைப் புதிதாக வாங்கி வருவீர்கள். கழற்றிய ஃபிட்டிங்கோடு அது போய் உட்காரும் துளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது: கசிவை எது அடைக்கிறது?

புதிதாகத் தொடங்குபவர்கள் வேர்னியரை எடுத்துக்கொண்டு நேராகப் புரிக்குப் போவார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த இணைப்பில் எண்ணெயோ பெற்றோலோ தண்ணீரோ வெளியே வராமல் தடுப்பது எது? பெரும்பாலான வாகன இணைப்புகளில் அந்த வேலையைச் செய்வது புரி அல்ல. புரி இரண்டு துண்டுகளையும் பிடித்து இறுக்கும் கை மட்டுமே. அடைப்பது வேறொரு முகம்.

பிரேக் பைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் நுனி விரிக்கப்பட்டு, துளையின் அடியில் இருக்கும் கூம்பான முகத்தின் மேல் நட்டால் அழுத்தப்படுகிறது. உலோகமும் உலோகமும் நசுங்கிச் சேருமிடத்தில் கசிவு நிற்கிறது. ஜப்பான் கார்களில் இந்த நுனி பெரும்பாலும் இரட்டை மடிப்பு: பைப் 45 பாகை விரிக்கப்பட்டு, விளிம்பு உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் குமிழ் வடிவம். நுனி சிறு காளான் தலை போல உப்பியிருக்கும். இரண்டு வகைக்கும் நட் ஒரே அளவில், எம்10 × 1.0 ஆகவே (இந்தக் குறியீட்டின் பொருளைப் பின்னால் பார்ப்போம்) இருக்கக்கூடும். அதாவது புரி அச்சொட்டாகப் பொருந்தும், ஆனால் அடைக்கும் முகம் பொருந்தாது. எது எதற்கு என்று அறிய டோர்ச் ஒன்று போதும். துளைக்குள் ஒளியை அடித்துப் பாருங்கள். அடியில் ஒரு சிறு கூம்பு உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் இரட்டை மடிப்பு. கூம்பு இல்லாமல் குழிவாக இருந்தால் குமிழ். ஒற்றை மடிப்பாக விரித்த பைப்பை பிரேக்கில் போடவே கூடாது. அதன் விளிம்பு வெடித்துப் பிளக்கும்.

அடுத்தது பான்ஜோ போல்ட். பிரேக் கலிப்பரிலும் சில பெற்றோல் ஃபில்டர்களிலும் காண்கிறோமே, நடுவே துளையிட்ட போல்ட், அதுதான். இங்கே அடைப்பது, போல்ட் நுழையும் ஹோஸ் நுனி வளையத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் செப்பு வொஷர்கள். இரண்டு பக்கமும் என்பதைக் கவனியுங்கள்: ஒரு போல்ட்டுக்கு இரண்டு வொஷர். நசுங்கி வேலை செய்வதுதான் வொஷரின் இயல்பு என்பதால் ஒருமுறை நசுங்கியதை மீண்டும் போடுவது சிக்கனம் அல்ல. பழைய மெக்கானிக்குகள் அதைச் செந்நிறமாகும்வரை சூடாக்கி மென்மையாக்கி மீண்டும் போடுவார்கள். அந்த முறை செல்லும். ஆனால் புதிய வொஷரின் விலையைப் பார்த்தால் அடுப்பைப் பற்றவைக்க மனம் வராது.

மூன்றாவது, ஓ ரிங். பவர் ஸ்டியரிங் பம்ப், எயார் கண்டிஷனர் குழாய்கள், ஒயில் கூலர் ஆகியவற்றில் நேரான புரியும் அதன் அடியிலோ நுனியிலோ ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். இங்கே வளையத்தின் பருமனும் ரப்பரின் வகையும் புரியைப் போலவே முக்கியம்.

நான்காவது வகையில்தான் புரியே அடைப்பும் ஆகிறது. கூம்புப் புரி என்று சொல்லலாம். நுனியில் சிறுத்து, போகப் போகப் பருக்கும். உள்ளே போகப் போக இறுகி அடைத்துக்கொள்ளும். புரிகளுக்கு இடையே எஞ்சும் மெல்லிய இடைவெளியை நிரப்பத்தான் டேப்போ பசையோ தேவைப்படுகிறது. எஞ்சினின் ஒயில் பிரஷர் சுவிட்ச் இதற்கு நல்ல உதாரணம்.

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூம்புப் புரிக்கு மட்டுமே அது உரியது. அதிலும் நுனியிலிருந்து ஒன்றிரண்டு புரி விட்டுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் கிழிந்த துணுக்கு எண்ணெயோடு போய் எங்கேயாவது சிறு துவாரத்தை அடைக்கும். பிரேக் பைப் நட்டிலோ பான்ஜோ போல்ட்டிலோ யாராவது டேப் சுற்றியிருப்பதைக் கண்டால், அந்த இணைப்பில் முன்பே கசிவு இருந்திருக்கிறது, காரணத்தைத் தேடாமல் மூடியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்பு நடப்பது அடியில் இருக்கும் முகத்தில். புரியில் எவ்வளவு சுற்றினாலும் அந்த முகம் திருந்தப் போவதில்லை.

பத்து மில்லிமீற்றரைச் சுற்றி நான்கு புரிகள்

இனி அளவு. தேவைப்படும் கருவிகள் இரண்டே: ஒரு வேர்னியர், ஒரு புரி அளவி. புரி அளவி என்பது பல் வெட்டிய தகடுகளின் கொத்து. ஒவ்வொரு தகட்டிலும் ஓர் எண் பொறித்திருக்கும். மில்லிமீற்றர் கொத்து ஒன்று, அங்குலக் கொத்து ஒன்று என இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்திருப்பவர், எல்லாப் புரியும் அந்த வகைதான் என்று நம்பத் தொடங்கிவிடுவார்.

ஒரு புரியைச் சொல்ல இரண்டு எண்கள் தேவை. வெளி விட்டம் ஒன்று. ஒரு புரி முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் மற்றது. எம்10 × 1.0 என்றால் விட்டம் 10 மில்லிமீற்றர், முகட்டுக்கு முகடு 1 மில்லிமீற்றர். உண்மையில் அளந்தால் விட்டம் 9.8 இலிருந்து 9.95 வரை காட்டும். புரி எப்போதும் பெயரளவை விடச் சற்றுச் சிறிதாகவே வெட்டப்படும். அங்குலப் புரியில் முகட்டுத் தூரத்துக்குப் பதில், ஓர் அங்குலத்தில் எத்தனை புரி என்று சொல்வார்கள். 25.4 ஐ அந்த எண்ணால் வகுத்தால் மில்லிமீற்றர் கிடைக்கும்.

வாகனத் திரவக் குழாய்களில் அதிகம் ஏமாற்றுவது 10 மில்லிமீற்றரைச் சுற்றியுள்ள கூட்டம். அதில் நான்கு பேர் இருக்கிறார்கள். முதலாவது நாம் பார்த்த எம்10 × 1.0. இரண்டாவது பழைய பிரித்தானிய, அமெரிக்க வாகனங்களின் 3/8 அங்குல யூஎன்எஃப் (நெருக்கமான அங்குலப் புரி): விட்டம் 9.53, அங்குலத்துக்கு 24 புரி, அதாவது முகட்டுக்கு முகடு 1.06. மூன்றாவது 1/8 பிஎஸ்பி என்ற பிரித்தானியக் குழாய்ப் புரி: விட்டம் 9.73, அங்குலத்துக்கு 28 புரி, 0.91. நான்காவது 1/8 என்பிடி என்ற அமெரிக்கக் கூம்புப் புரி: பருத்த பக்கத்தில் 10.3 வரை வரும், அங்குலத்துக்கு 27 புரி, 0.94.

விட்டத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்கப் போனால் தேய்ந்த புரி ஒன்று உங்களை முட்டாளாக்கிவிடும். முகட்டுத் தூரம் பொய் சொல்லாது. ஒரு முகட்டை மட்டும் அளக்காதீர்கள். ஐந்து இடைவெளிகளைச் சேர்த்து அளவுங்கள்: வேர்னியரின் ஒரு கூர்முனையை ஒரு முகட்டிலும், மறுமுனையை அங்கிருந்து ஐந்தாவது முகட்டிலும் வையுங்கள். எம்10 × 1.0 ஆனால் 5.0 காட்டும். யூஎன்எஃப் 5.3. பிஎஸ்பி 4.5. என்பிடி 4.7. கடைசி இரண்டும் கைநடுக்கத்தின் எல்லைக்குள் இருப்பதால் அங்கே புரி அளவி வேண்டும். தகட்டைப் புரியில் பதித்து, பின்னால் வெளிச்சம் இருக்கும்படி தூக்கிப் பிடியுங்கள். சரியான தகடானால் பல்லுக்கும் புரிக்கும் இடையே ஒளிக்கீற்று எதுவும் தெரியாது. தவறான தகடு முதல் இரண்டு பல்லில் அமர்ந்துவிட்டு மூன்றாவதில் ஏறி நிற்கும்.

பிஎஸ்பி என்பது 1841 இல் ஜோசப் விட்வேர்த் முன்வைத்த 55 பாகைப் புரியின் வழிவந்தது. என்பிடி அமெரிக்காவினுடையது, 60 பாகை. இரண்டும் தண்ணீர்க் குழாய் உலகத்திலிருந்து வந்தவை. 1/8 என்பது அந்தக் காலக் குழாயின் உள்துளையை வைத்து இட்ட பெயர். புரியில் 1/8 அங்குலம், அதாவது 3.2 மில்லிமீற்றர், எங்கேயும் கிடையாது. அளந்து 9.7 வந்தபின் 3/8 என்று கடையில் கேட்பவர்கள் இதனால்தான் வேறு பொருளோடு வீடு திரும்புகிறார்கள்.

பிஎஸ்பிக்கும் என்பிடிக்கும் இடையிலான வித்தியாசம் கொழும்பில் நடைமுறையில் எங்கே கடிக்கிறது என்றால், ஒயில் பிரஷர் மீற்றர் மாட்டும்போது. டொயோட்டா, நிசான், மிட்சுபிஷி எஞ்சின்கள் பலவற்றில் ஒயில் சுவிட்ச் இருக்கும் துளை பிரித்தானியக் கூம்புப் புரி, அதாவது 1/8 பிஎஸ்பியின் கூம்பு வகை. மில்லிமீற்றரில் சிந்திக்கும் ஜப்பான் காரின் வயிற்றில் விட்வேர்த்தின் புரி. தனியாக விற்கும் மீற்றர்களோடு வரும் சென்சரோ பெரும்பாலும் 1/8 என்பிடி. திருகினால் இரண்டு மூன்று சுற்றுப் போய் இறுகும்; கூம்புப் புரி அப்படித்தான் இறுக வேண்டும் என்பதால் சந்தேகமும் வராது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் அலுமினியத் துளையின் புரி போய்விடும், அல்லது உடல் வெடிக்கும். சிறு செலவில் முடியும் ஓர் அடப்டருக்குப் பதில் எஞ்சினையே திறக்கும் வேலை.

இன்னொன்று ஒயில் ஃபில்டர். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் ஃபில்டர் மாட்டும் தண்டு 3/4 அங்குலம், 16 புரி. ஹொண்டாவிலும் நிசானிலும் பெரும்பாலும் எம்20 × 1.5. எம்20 ஃபில்டர் 3/4 தண்டில் தளர்வாக ஏறிவிடும். ரப்பர் நசுங்கி இறுகியது போலத் தோன்றும். ஒயில் கூலர் தகடு மாட்டும் இளைஞர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பான்ஜோ போல்ட்டில் விட்டம் ஒன்றுமே சொல்லாது. எம்10 × 1.0, எம்10 × 1.25 இரண்டும் ஒரே பருமன். ஜப்பான் மோட்டார் சைக்கிள் கலிப்பர்களில் பெரும்பாலும் 1.25, ஐரோப்பியக் கலிப்பர்களில் பெரும்பாலும் 1.0. ஐந்து இடைவெளி அளந்தால் ஒன்று 5.0, மற்றது 6.25.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும்: ஸ்பேனர் அளவைப் புரியின் அளவாகச் சொல்வது. பத்து ஸ்பேனர் பிடிக்கும் நட் என்பது வெளித்தலையின் அளவு மட்டுமே. எம்10 × 1.0 பிரேக் நட்டுக்கு ஜப்பான் கார்களில் 10 ஸ்பேனரும், ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் 11 ஸ்பேனரும் பிடிக்கும்.

துளையின் உட்புரியை அளப்பது சற்றுக் கடினம். வேர்னியரின் மேல் தாடைகளால் உள்விட்டத்தை எடுத்தால் அது புரியின் பள்ளங்களுக்கு இடையே அல்ல, எதிரெதிரே உள்ள முகடுகளுக்கு இடையே வரும் தூரம்; ஆகவே பெயரளவை விடச் சிறிது. பெயரளவு விட்டத்திலிருந்து முகட்டுத் தூரத்தைக் கழித்தால் ஏறக்குறைய வரும்: எம்10 × 1.0 துளைக்கு சுமார் 8.9, எம்12 × 1.25 துளைக்கு சுமார் 10.7. அதைவிட நம்பகமான வழி, நிச்சயமாகத் தெரிந்த போல்ட் ஒன்றை விரலால் திருகிப் பார்ப்பது. நான்கைந்து சுற்று, ஆட்டமும் இல்லாமல் பிடியும் இல்லாமல் போனால் அதே புரி. எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக்குகள் ஒரு கம்பியில் இப்படிப்பட்ட நட்களையும் போல்ட்களையும் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டவணையைத் தேடுவதை விட அது வேகமானது.

ஹோஸுக்கு உள்ளே, பைப்புக்கு வெளியே

ரப்பர் ஹோஸை உள்விட்டத்தால் அளப்பார்கள், உலோக பைப்பை வெளிவிட்டத்தால். இதை மனதில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். 5/16 அங்குல ஹோஸும் 8 மில்லிமீற்றர் ஹோஸும் ஒன்றுக்கு ஒன்று செல்லும். 3/8 (9.5) ஹோஸை 10 மில்லிமீற்றர் குழாயில் ஏற்றலாம், சிரமப்பட்டு. 1/4 (6.35) ஹோஸ் 6 மில்லிமீற்றர் குழாயில் தளர்வாக நிற்கும், அதை கிளிப்பை நெரித்துச் சமாளிப்பது பெற்றோலில் செய்யத்தக்க வேலை அல்ல.

பந்தயக் கார் பாணியில் நீலமும் சிவப்புமாக விற்கும் அலுமினிய ஃபிட்டிங்குகளில் ஏஎன் 4, ஏஎன் 6 என்று இருக்கும். அந்த எண் பைப்பின் வெளிவிட்டம், 1/16 அங்குலக் கணக்கில். ஏஎன் 6 என்றால் 6/16, அதாவது 3/8 அங்குலப் பைப். அதன் புரியோ 9/16 அங்குலம், 18 புரி. அடைக்கும் முகம் 37 பாகை. ஏஎன் 4 இன் புரியும், குளிரூட்டிப் பெட்டி திருத்துபவர்கள் பயன்படுத்தும் 1/4 அங்குல பித்தளை நட்டின் புரியும் ஒன்றே: 7/16 அங்குலம், 20 புரி. ஆனால் பித்தளையின் முகம் 45 பாகை. அழகாகத் திருகும், ஒழுகிக்கொண்டே இருக்கும்.

புதிய கார்களின் பெற்றோல் குழாய்களில் பெரும்பாலும் புரியே இல்லை. நைலோன் குழாயின் நுனியில் பிளாஸ்டிக் பூட்டு. அழுத்தினால் சட்டென்று பூட்டிக்கொள்ளும். இவற்றைத் தெரிவு செய்ய உள்ளே நுழையும் உலோக நுனியின் விட்டத்தை அளக்க வேண்டும். 7.89, 9.49 ஆகியவை அதிகம் காணப்படுபவை.

அளவு சரியாக இருந்தும் ரப்பர் தவறாகலாம். பிரேக் எண்ணெய்க்கு ஒத்துவரும் ஈபிடிஎம் ரப்பர், பெற்றோலிலும் எஞ்சின் ஒயிலிலும் ஊறி உப்பிவிடும். எண்ணெய்க்கு ஒத்துவரும் நைட்ரைல் ரப்பர் பிரேக் எண்ணெயில் கெட்டுப்போகும். சிலிக்கோன் ஹோஸ் ரேடியேட்டர் தண்ணீருக்கு அருமை. பெற்றோலுக்கும் ஒயிலுக்கும் ஆகாது. எவ்வளவு அழகான நிறமாயினும் ஆகாது. அழுத்தமும் அப்படித்தான்: ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் (அழுத்த அலகு) அளவில் திறக்கும், கார்புரேட்டர் கார்களின் பெற்றோல் குழாயில் அதைவிடக் குறைவு, இன்ஜெக்ஷன் கார்களில் பெரும்பாலும் 3 பார் அளவு. பிரேக்கில் அவசரமாக மிதித்தால் 100 பாரையும் தொடும். கார்புரேட்டர் காலத்து ஹோஸை இன்ஜெக்ஷன் காருக்குப் போட்டால் சில மாதம் ஓடும். பிறகு சூடான எஞ்சின் மேல் பெற்றோல் தெளிக்கும். ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஜே30ஆர்9 என்றிருந்தால் இன்ஜெக்ஷனுக்கு உரியது, ஜே30ஆர்7 கார்புரேட்டருக்கு. எதுவுமே அச்சிடாத ஹோஸ் எதற்கும் உரியது அல்ல.

கடைக்குப் போகும்போது

கொழும்பில் உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தைதான். மருதானைக்கும் அதற்கும் இடையே ஒரு நடை போட்டால் கதவிலிருந்து கியர் பெட்டி வரை கிடைக்கும். பொதுவான ஃபிட்டிங், பித்தளை அடப்டர், குழாய் சாமான்களுக்கு பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கத்து இரும்புக் கடைகள். இந்த இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. இரும்புக் கடையில் கிடைக்கும் பித்தளைச் சாமான்களில் பெரும்பகுதி தண்ணீருக்கும் காற்றுக்கும் செய்தவை. மீற்றர் அடப்டர் வாங்க அது சரியான இடம்; பிரேக்குக்கு அல்ல.

கடையில் முதல் கேள்வி செசி இலக்கம்தான். "141 அக்ஸியோவுக்கு முன் பிரேக் ஹோஸ் வேண்டும், நானா" என்று கேட்டால், "செசி இலக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி, முன்னால் எழுத்து என்ன?" என்று திரும்பி வரும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்களுக்கு 17 எழுத்து இலக்கம் கிடையாது. என்இசட்ஈ141 போல ஒரு மாதிரிக் குறியும் அதன்பின் தொடர் இலக்கமும்தான். அதை வைத்தே அசல் உதிரிப்பாக இலக்கத்தைத் தேட வேண்டும். அசல் இலக்கம் கையில் இருந்தால் பேச்சு குறையும். டொயோட்டாவின் 12 மில்லிமீற்றர் ஒயில் வடிக்கும் போல்ட்டின் வொஷர் 90430-12031. இலக்கத்துக்குள்ளேயே 12 இருக்கிறது பாருங்கள்.

கையோடு கொண்டு போக வேண்டியவை: கழற்றிய பழைய ஃபிட்டிங், துடைத்துச் சுத்தம் செய்தது, துளையில் விரலால் போன அந்தத் தெரிந்த போல்ட், துளையின் அடியைத் தெளிவாகக் காட்டும் ஒரு படம், உங்கள் வேர்னியர். கடைக்காரர் நீட்டும் புதியதையும் பழையதையும் புரியோடு புரி சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று முழு நீளத்துக்கும் அமர வேண்டும். அடுத்து நீளம். பான்ஜோ போல்ட் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீண்டால் அடியில் முட்டிக்கொண்டு வொஷரை நசுக்காமல் நிற்கும். குட்டையானால் போதிய புரி பிடிக்காது. கடைக்காரர்கள் இந்தச் சோதனையைக் கண்டு முகம் சுளிப்பதில்லை. பணம் கொடுத்தபின் திரும்பி வந்து மாற்றிக் கேட்பவரைக் கண்டால்தான் சுளிப்பார்கள்.

பொருள் கிடைக்காதபோது "லேத்தில் கடைந்து தருகிறேன்" என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர் லேத் பாஸ்மாரின் கைத்திறனில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேடியேட்டர் இணைப்பு, மீற்றர் அடப்டர், ஒயில் வடிக்கும் போல்ட் எல்லாம் தாராளமாகச் செய்விக்கலாம். பிரேக்கில் வேண்டாம். என்ன உலோகம், எந்த வெப்பப் பதம் என்று யாருக்கும் தெரியாத ஒரு துண்டை 100 பார் அழுத்தத்தில் வைக்கக் கூடாது.

பவர் ஸ்டியரிங் ஹோஸ் வெடித்தால், இரு முனை உலோகத்தையும் வைத்துக்கொண்டு நடுவே புது ஹோஸ் அழுத்தித் தரும் ஹைட்ரோலிக் கடைகள் நகரில் உண்டு. அது ஏற்கத்தக்க வேலை. ஸ்டியரிங் திருப்பும்போது முன்பில்லாத முனகல் கேட்கலாம். அசல் ஹோஸ் சற்று உப்பி பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்ளும், தொழிற்சாலை ஹைட்ரோலிக் ஹோஸ் அப்படி உப்பாது. ஆனால் அதே கடையில் பிரேக் ஹோஸை அழுத்திக் கேட்காதீர்கள். அந்த ஹோஸ்களின் உள்ரப்பர் பொதுவாகக் கனிய எண்ணெய்க்கானது; பிரேக் எண்ணெய் அதைத் தின்றுவிடும்.

பிரேக் பைப் உலோகமும் அப்படித்தான். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கடலோரம் நிற்கும் கார்களில், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் இரும்புப் பைப் முதலில் துருப்பிடிக்கும். மாற்றும்போது எயார் கண்டிஷனருக்கு வாங்கும் வெறும் செப்புப் பைப்பை வளைத்துப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வளைக்க இலகு, ஆனால் அதிர்வில் இறுகி வெடிப்பதும் அதுதான். செப்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் தனியாக விற்கிறது. கடல் காற்றுக்கு இரும்பை விட அது தாங்கும். வெளிவிட்டம் 4.75, அதாவது 3/16 அங்குலம், என்று சொல்லிக் கேளுங்கள்.

பூட்டும்போது எந்த ஃபிட்டிங்கையும் முதல் சில சுற்று விரலாலேயே திருகுங்கள். ஸ்பேனர் தேவைப்படும் முதல் சுற்று தவறான சுற்று. 4.75 பைப்பின் நட்டுக்கு டொயோட்டா சொல்லும் இறுக்கம் சுமார் 15 நியூட்டன் மீற்றர்தான். நீண்ட ஸ்பேனரில் தொங்க வேண்டியதில்லை. சாதாரண வாய்த்திறந்த ஸ்பேனர் அந்த மென்மையான நட்டின் மூலைகளை உருட்டிவிடும் என்பதால், பைப் நட்டுக்கென்றே விற்கும் ஐந்து முகம் பிடிக்கும் ஸ்பேனரை வாங்குங்கள்.

பிறகு இணைப்பைத் துணியால் உலர்த்தித் துடைத்து, வெள்ளைத் தாள் ஒன்றைச் சுற்றிவிட்டு அழுத்தம் கொடுங்கள். பெற்றோல் குழாயானால் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கானால் குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றியபின் ஒருவரைப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி. பெடல் மெல்ல மெல்லக் கீழிறங்கினால், தாள் உலர்ந்திருந்தாலும் வண்டியை வீதிக்கு எடுக்காதீர்கள். எஞ்சின் சூடேறி மீண்டும் ஆறியபின் இன்னொரு முறை பாருங்கள். செப்பு வொஷர் கசிந்தால் பெரும்பாலும் அப்போதுதான் தெரியும். தாளில் ஈரம் கண்டால் இன்னும் இறுக்கிப் பார்ப்பதை விட, கழற்றி, அடைக்கும் முகத்தில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.